எலுமிச்சம்பழம் நசுக்கிய படகு

கடலே இல்லாத ஊரில் போய்ப் படகுக்குப் பணம் கேட்பது புத்தியுள்ளவர்கள் செய்கிற காரியமா என்று கேட்டால் வனிதாவிடம் ஒரே பதில்தான் இருந்தது. கடல் உள்ள ஊர்களில் எல்லாம் கேட்டு முடித்தாகிவிட்டது.

பாய்மரப் படகில் ஒற்றை ஆளாக உலகத்தைச் சுற்றி வரும் போட்டி அது. கொச்சியில் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் படகோட்டக் கற்றுக்கொடுத்துச் சேர்த்த காசில் அவள் ஒரு பழைய படகை வாங்கி வைத்திருந்தாள். போட்டியில் இடமும் கிடைத்துவிட்டது. ஆனால் புதுப் பாய்களுக்கும் நுழைவுக் கட்டணத்துக்கும் ஸ்பான்சர் வேண்டும். மாதக் கடைசிக்குள் கிடைக்காவிட்டால் அவள் இடம் வரிசையில் காத்திருக்கும் ஒரு நார்வேக்காரனுக்குப் போய்விடும். சென்னையில் ஒரு பெயிண்ட் கம்பெனி, சனி ஞாயிறுகளில் மட்டும் சுற்ற முடியுமா என்று விசாரித்தது. மும்பையில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர், "நீங்கள் மூழ்கினால் எங்கள் லோகோவும் சேர்ந்து மூழ்குமே" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். கோட்டு போட்டுக்கொண்டு உளறினால் அதற்குப் பெயர் மார்க்கெட்டிங்.

வனிதா பந்தலூர்க்காரி. இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த எஸ்டேட் குடும்பம். அந்த ஒரு பயணத்தில் எடுத்த வாந்தியோடு அவள் வீட்டார் கடலுக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டார்கள். "குன்னூருல டீ ஃபேக்டரிக்காரங்க இருக்காங்க, போய்க் கேட்டுப் பாரு" என்று அவளுடைய அப்பா வடிவேல்தான் சொன்னார், எப்படியும் கிடைக்காது என்ற தைரியத்தில்.

அப்படித்தான் அவள் நல்லசாமியின் முன்னால் போய் உட்கார்ந்தாள். நல்லசாமி டீயின் முதலாளி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மேலே ஸ்வெட்டர், தலையில் குரங்குக் குல்லா. கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து அவருடைய அப்பா மலையேறி வந்து அரை நூற்றாண்டாகியும் குளிர் அந்தக் குடும்பத்துக்கு இன்னும் பழகவில்லை.

"ஏம்மா, ஒத்தையிலயா போற?"

"ஆமாங்க சார்."

"தொணைக்கு ஒரு ஆளக் கூட்டிட்டுப் போறது? நம்ம பாலு சும்மாதான உக்காந்திருக்கான்."

மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பாலு, ஐம்பது வயது ஆள், திடுக்கிட்டு எழுந்து நின்றார்.

"தனியாப் போறதுதாங்க சார் போட்டியே."

"ஜெயிச்சா?"

"ஒரு கோப்பை தருவாங்க."

நல்லசாமி யோசித்தார். "எத்தன கிளாஸ் புடிக்கும்?"

பாயில் தன் பெயரை எழுதினால் நடுக்கடலில் யார் பார்ப்பார்கள், மீன் டீ குடிக்குமா என்பதுதான் அவருடைய அடுத்த கவலை. போனில் வரும், டி.வி.யில் வரும் என்று அவள் என்னென்னவோ சொன்னாள். அவருக்கு எதுவும் ஏறவில்லை. கடைசியில் அவரை அசைத்தது வயிற்றெரிச்சல். "கோத்தகிரிக்காரன் ஒருத்தன் கிரிக்கெட் டீமுக்கு பனியன் வாங்கிக் குடுத்துப்போட்டு நெஞ்ச நிமித்திட்டுத் திரியறான். நான் கப்பலே உட்டா என்ன பண்ணுவான்?"

வனிதா நிம்மதியாக மூச்சை விட்டாள். அவசரப்பட்டுவிட்டாள்.

"ஆனா ஒண்ணு. எம்பேரு எழுதுன எதுவும் நம்ம ஃபேக்டரி மாகாளியம்மன் முன்னால பூஜை போடாம ஓடாது. லாரியோ, பாய்லரோ, எதானாலுஞ் சரி. எலுமிச்சம்பழம் நசுக்கோணும், முன்னால எடுக்கோணும், ஒரு சுத்து சுத்தி அதே எடத்துல வந்து நிக்கோணும். போன வருசம் மழை பேயுதுன்னு புது லாரியச் சுத்தாம நிறுத்திப்போட்டோம். மக்யா நாளே மூட்டையோட ஓடையில கெடந்துச்சு."

பாய்லர் எப்படிச் சுற்றியது என்று கேட்க வனிதாவுக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டாள். "படகு கொச்சியில இருக்குங்க சார்."

"கொண்டாந்துரு."

கொண்டு வந்தாள். வேறு வழி? கொர்னேலியஸ் என்ற டிரெய்லர் டிரைவர் மேட்டுப்பாளையம் வரைக்கும் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். பர்லியார் தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில் பாட்டு நின்றது. படகின் மூக்கு பாறையில், டிரெய்லரின் பின்பக்கம் பள்ளத்தின் ஓரத்தில், நடுவில் நீலகிரிக்குப் போகிற மொத்தக் கூட்டமும். குரங்குகள் படகில் ஏறிக் கயிறுகளை அவிழ்த்துப் பார்த்தன. கீழிருந்து வந்த சுற்றுலாப் பஸ்ஸில் ஒருவர், ஊட்டியில் கடல் எந்தப் பக்கம் என்று கேட்டார். கிரேன் வந்து இழுப்பதற்குள் ஆயிரம் பேர் படம் பிடித்துவிட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் கொர்னேலியஸ் சொன்ன "நல்லசாமி டீ" என்ற பெயர் கோத்தகிரி வரைக்கும், முக்கியமாகக் கோத்தகிரி வரைக்கும், போய்ச் சேர்ந்துவிட்டது.

ஃபேக்டரிக்குள் மாகாளியம்மன் கோயில் முன்னால் படகைக் கிழக்குப் பார்த்து நிறுத்த வேண்டும் என்றார் பூசாரி. கிழக்கில் ஃபேக்டரியின் மதில். அதில் பத்தடி உயரத்துக்கு, கையில் டீ கிளாஸோடு சிரிக்கும் நல்லசாமியின் படம். படகின் மூக்கு சரியாக அவருடைய தொப்புளுக்கு நேராக நின்றது.

அடுத்த சிக்கல் எலுமிச்சம்பழம். டிரெய்லர் சக்கரத்துக்கு அடியில் வைத்தால் அது டிரெய்லருக்குத்தான் சேரும், படகுக்குச் சேராது என்று பூசாரி கறாராகச் சொல்லிவிட்டார். செயின் பிளாக் கட்டிப் படகைக் கொஞ்சம் தூக்கி, அடிப்பாகத்துக்குக் கீழே ஒரு பழத்தை வைத்து இறக்கினார்கள். பழம் இருந்த இடம் தெரியவில்லை. மணி அடித்தது, கற்பூரம் எரிந்தது. "முன்னால எடுங்க!" என்றார் பூசாரி.

நல்லசாமி கையைத் தூக்கி நிறுத்தினார்.

"எடுக்க வேண்டாம். படகு இங்கயே இருக்கட்டும்."

அவர் ராத்திரியெல்லாம் யோசித்திருக்கிறார். ரோட்டில் மாட்டினதுக்கே இத்தனை பேர் பார்த்தார்கள். வாசலிலேயே நின்றால் ஊட்டிக்குப் போகிறவன் வருகிறவன் எல்லாம் நின்று படம் எடுத்து, டீத்தூளும் வாங்கிக்கொண்டு போவான். கடலில் என்ன இருக்கிறது, தண்ணீர்தானே? "உனக்கு மாசச் சம்பளம் போட்டுக் குடுத்தர்றேன்மா. படகுல உக்காந்து சும்மா கைய ஆட்டுனாப் போதும்."

வனிதாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. பத்து வருட உழைப்பு ஒரு மதிலுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. இந்த மனிதரின் குல்லாவைப் பிடுங்கிப் பாய்லரில் போட்டால் என்ன என்று தோன்றியது. அப்போதுதான் பூசாரியின் முகத்தைப் பார்த்தாள். தட்டை வைத்துக்கொண்டு அவர் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்.

"சார்," என்றாள். "பழம் நசுங்கிருச்சு. இன்னும் சுத்தலை."

நல்லசாமியின் கை குல்லாவுக்குப் போனது. "அதுக்கென்ன? கோயிலச் சுத்தி ஒரு வட்டம்..."

"பின்னால எடுக்காமத் திருப்ப முடியாதுங்க" என்றார் கொர்னேலியஸ்.

"பூஜை போட்டதப் பின்னால எடுக்கவே கூடாதுங்க" என்றார் பூசாரி.

"அதோட கோயிலைச் சுத்துறது லாரிக்குங்க சார்," என்றாள் வனிதா. "படகு எதைச் சுத்தும்?"

பாலுதான், அன்றைக்கு முழுவதும் பேசாத பாலுதான், மெதுவாகச் சொன்னார்: "ஒலகத்தைங்க மொதலாளி."

நல்லசாமி மாகாளியம்மனைப் பார்த்தார். மதிலைப் பார்த்தார். ஓடையில் கிடந்த லாரி அவர் கண்ணில் வந்து போனது எல்லோருக்கும் தெரிந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் ரோடு.

"கடப்பாரை எடுத்தாங்கடா" என்றார்.

முதல் அடியைத் தன் வயிற்றில் அவரே அடித்தார். சாயங்காலத்துக்குள் நல்லசாமியின் இடுப்பும் தோளும் போய், காது வரைக்கும் சிரிக்கும் பாதி முகம் மட்டும் ஒரு ஓரத்தில் மிஞ்சியது. பணமும் அன்றே வந்தது. படகு அந்த ஓட்டை வழியாக, ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகாமல், ரோட்டுக்கு வந்தது.

"சுத்து எப்பம்மா முடியும்?" என்று டிரெய்லரின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நல்லசாமி கேட்டார்.

"இதே எடத்துல வந்து நின்னாத்தான் சார்."

மாதங்கள் கழித்துத் தென்கடலில் வனிதா ஒரு புயலில் சிக்கினாள். பெரிய பாய் கிழிந்தது. விரல்கள் மரத்துப்போயின. யாரையும் காக்க வைக்கக் கூடாது என்றுதான் அவள் எப்போதும் தனியாகவே இருந்தாள். அன்றைக்கு அந்தத் தனிமை அவளைக் கொன்று தின்றது. பக்கத்துத் துறைமுகத்துக்குத் திரும்பிவிடலாம் என்று முடிவே செய்துவிட்டாள். சுக்கானில் கை வைக்கும்போது சாட்டிலைட் போனில் ஒரு செய்தி வந்தது.

"சொவரு இன்னும் கட்டலம்மா. காட்டெருமை உள்ள வந்து டீத்தூள் மூட்டைய மோந்து பாக்குது. பூசாரி கட்டச் சொல்றாரு, நாந்தான் உடல. சுத்து முடியாட்டி இன்னொரு லாரி போனாப் போகுது. நீ பத்திரமா வந்து சேரு கண்ணு."

வனிதா சிரித்தாள். அப்புறம் ஓவென்று அழுதாள். சுக்கானை நேராக்கிவிட்டு, மரத்த விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்.

"பின்னால எடுக்க மாட்டேன் சார்."