‘மேலும் கீழும்’ மன்றத்தின் ஏழு உறுப்பினர்கள்

லிஃப்ட் தலைதெறிக்கக் கீழே இறங்கினால் அதைப் பிடித்து நிறுத்தும் கருவிக்குக் கவர்னர் என்று பெயர். பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால், லிஃப்ட் மெக்கானிக்குகளுக்காக ‘மேலும் கீழும்’ என்று ஓர் இணைய மன்றத்தைத் தொடங்கியபோது, அதன் நிர்வாகியான மெக்கானிக் அந்தப் பெயரைத் தனக்கே சூட்டிக்கொண்டார். போட்டிக்கு யாரும் இல்லை. அன்றிலிருந்து மன்றத்தில் அவர் கவர்னர். வேலை இடத்தில் மட்டும் “யோவ், மூணாம் நம்பர் லிஃப்டைப் பாத்தியா இல்லையா?”

மன்றத்துக்கும் ஒரு காலம் இருந்தது. மூவாயிரத்துச் சொச்சம் உறுப்பினர்கள். ஒருவர் சந்தேகம் கேட்டால் டீ ஆறுவதற்குள் பதினைந்து பதில்கள் வந்து விழும். அதில் பன்னிரண்டு தப்பாக இருக்கும். அந்தப் பன்னிரண்டையும் திருத்துவதுதான் கவர்னரின் வாழ்வில் பெரிய சந்தோஷம். பிறகு எல்லோரும் கைப்பேசிக் குழுக்களுக்குக் குடிபெயர்ந்து, ரோஜாப்பூப் படம் போட்டுக் காலை வணக்கம் சொல்லப் போய்விட்டார்கள். ஆள் குறைந்த சேதி மன்றத்தின் மென்பொருளுக்குத்தான் தெரியாது. அது தினமும் காலையில் ‘இன்று பிறந்தநாள் காணும் உறுப்பினர்களை வாழ்த்துவோம்’ என்று நாலைந்து பெயர்களைப் பலகையில் போடும். அதில் பாதிப் பேர் உயிரோடு இல்லை என்பது கவர்னருக்குத் தெரியும். அந்த வசதியை எங்கே நிறுத்துவது என்பதுதான் தெரியாது.

மென்பொருளை எழுதியவர் எட்டு வருடங்களுக்கு முன்பே கணினியைத் தலைமுழுகிவிட்டுத் தேனீ வளர்க்கப் போய்விட்டார். உதவி கேட்டுக் கவர்னர் எழுதிய மடல்களுக்கெல்லாம், எத்தனை பாட்டில் வேண்டும் என்று கேட்டு ஒரே பதில்தான் வந்தது. அதனால் கவர்னர் மன்றத்தையும் லிஃப்டைப் போலவே பராமரித்தார். எங்கே இடிக்கிறதோ அங்கே தட்டுவார். ஓடுகிற பாகத்தைத் தொட மாட்டார். எந்த உறுப்பினர் எந்த மின்னஞ்சலில் சேர்ந்தார் என்று காட்டும் பட்டியல் பக்கம் ஒருநாள் வெறும் வெள்ளையாகத் திறந்தபோது, அதற்குப் போகும் வழியையே கழற்றிவிட்டார். பழுதான லிஃப்டின் முன்னால் ‘உபயோகத்தில் இல்லை’ பலகை மாட்டி நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர்தானே.

இப்போது மன்றத்தில் எழுதுகிறவர்கள் ஏழு பேர். அவர்களில் நான்கு பேர் கவர்னர்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பது அவர் கட்சி. ஆள் இல்லாத கடைக்கு யார் வருவார்கள்? முதலில் ‘புதியவன்’ வந்தான். அடிப்படைச் சந்தேகமாகக் கேட்பான், கவர்னர் பொறுமையாக விளக்குவார். அப்புறம் ‘ஆறாம் மாடி’ வந்து கவர்னரின் பொறுமையைப் பாராட்டினார். கடைசியாக, சண்டை முற்றும்போது நடுவில் புகுந்து இரண்டு பக்கமும் நல்ல வார்த்தை சொல்ல ‘சமாதானம்’ வந்தார். நால்வருக்கும் ஒரே மின்னஞ்சல் முகவரி. பழைய மென்பொருள் அதையெல்லாம் கேள்வி கேட்காது. அதனால்தான் அதன்மேல் அவருக்கு அத்தனை பாசம்.

எதிர் அணியில் மூன்று பேர். தலைவர் ‘எஃகுக்கயிறு’. அவர் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போட ‘நடுநிலை’. எதைச் சொன்னாலும் எங்கள் காலத்தில் அப்படி இல்லை என்று இழுக்க ‘ரிடயர்டு’. லிஃப்ட் கதவு மூடி மூடித் திறந்தால் முதலில் சென்சாரைத் துடைக்க வேண்டுமா, கதவு ஓடும் தடத்தைக் கூட்ட வேண்டுமா என்ற விவாதத் திரி ஒன்று பதினோரு வருடங்களாக ஓடிக்கொண்டிருந்தது. கவர்னர் சென்சார் கட்சி. எஃகுக்கயிறு தடத்தின் கட்சி. உண்மையில் இரண்டையும் சேர்த்துச் செய்ய ஐந்து நிமிடம் ஆகும். அதை அந்தத் திரியில் யாரும் சொன்னதில்லை. சொல்ல வந்த ஒரே ஆளைக் கவர்னர் ஒழுங்கீனத்துக்காக நீக்கிவிட்டார்.

‘மாண்புமிகு நிர்வாகி அவர்களே, தாங்கள் கடைசியாகத் துடைப்பத்தைத் தொட்டது எந்த நூற்றாண்டில்?’ என்று எஃகுக்கயிறு எழுதினால், கவர்னருக்கு அன்றைக்குச் சாப்பாடே தனி ருசியாக இருக்கும். கம்பெனியில் இப்போது ஒரு பலகைக் கணினி கொடுத்திருக்கிறார்கள். எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். முப்பது வருட மெக்கானிக்கை ஒரு வார்த்தை கேட்பாரில்லை. அவரோடு மல்லுக்கட்ட உலகத்தில் மிச்சமிருந்தது எஃகுக்கயிறு ஒருவர்தான்.

ஆனால் அதே எஃகுக்கயிறு சமாதானத்திடம் வேறு மனிதர். சமாதானத்துக்குத் தனிமடல் எழுதுவார். தனியாக இருப்பதையும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பொழுது போகாததையும் எழுதுவார். “தம்பி” என்றுதான் கூப்பிடுவார். போன மாதம் ஒரு மடலில், ‘மாடி ஏறினா நெஞ்சுல பாரமா இருக்கு தம்பி, இடது தோள் வரைக்கும் இழுக்குது. வயசாச்சுல்ல’ என்று எழுதியிருந்தார். கவர்னர் பதறிப்போய், ‘அண்ணே, உடனே டாக்டரைப் பாருங்க, போன் நம்பர் குடுங்க’ என்று சமாதானமாகப் பதில் எழுதினார். ‘பாக்கலாம் தம்பி. நம்பர் எல்லாம் குடுக்கக்கூடாதுன்னு அந்தக் கிறுக்கன் விதி போட்டிருக்கானே’ என்று பதில் வந்தது. உண்மைப் பெயரோ தொலைபேசி எண்ணோ தரக்கூடாது என்பது மன்றத்தின் முதல் விதி. போட்ட கிறுக்கன் கவர்னர்தான்.

அந்த மனிதர் எந்த ஊர், என்ன பெயர், எதுவும் அவருக்குத் தெரியாது. அவரிடம் போய்ச் சேர மன்றத்தை விட்டால் வேறு வழியே கிடையாது. இந்த நேரம் பார்த்துத்தான் சர்வர் கம்பெனியிலிருந்து அறிவிப்பு வந்தது: இந்தப் பழைய மென்பொருள் மாதக் கடைசியோடு நிறுத்தப்படும், புதியதற்கு மாறாத தளங்கள் அழிக்கப்படும்.

கவர்னர் அதை மூன்று முறை படித்தார். மாற்றிவிட வேண்டியதுதானே என்றால், மன்றத்தில் எதையும் ஓட்டெடுப்பு இல்லாமல் செய்யக்கூடாது. குறைந்தது ஏழு ஓட்டு விழ வேண்டும். நூறு என்றிருந்ததை ஐம்பதாக்கி, இருபதாக்கி, ஏழில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். ஆறாக்க இன்னொரு ஓட்டெடுப்பு வேண்டும், அதற்கும் ஏழு பேர் வேண்டும். கவர்னர் முதல் ஆளாக ஆதரித்து ஓட்டுப் போட்டார். வெளியே வந்து ஆறாம் மாடியாக உள்ளே போய் ஒன்று. புதியவனாக, ‘எப்படி ஓட்டுப் போடுவது ஐயா?’ என்று கேட்டு, கவர்னராக விளக்கி, பிறகு ஒன்று. சமாதானம் எதற்கும் அவசரப்படாதவர் என்பதால் அவரை இரண்டு நாள் யோசிக்கவிட்டார்.

எஃகுக்கயிறு எதிர்த்து ஓட்டுப் போட்டார். சிறிது நேரத்தில் நடுநிலையும் ரிடயர்டும் எதிர்த்தார்கள். நான்குக்கு மூன்று, தீர்மானம் மயிரிழையில் நிறைவேறியது. முடிவு பலகையில் ஏறுவதற்கு முன்பே சமாதானத்துக்குத் தனிமடல் வந்திருந்தது: ‘தம்பி, நான் எதிர்த்துதான் போட்டேன். அந்த ஆளுக்கு எப்படி ஆதரவா போடறது? ஆனா நீங்க மாத்திப் போட்டிருப்பீங்கல்ல? மன்றம் போயிடாதுல்ல?’

ஞாயிற்றுக்கிழமை காலை, காபியைக்கூடத் தொடாமல் கவர்னர் கணினி முன் உட்கார்ந்தார். மனைவி துணி மடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, இந்த ஏழு பேருக்காகவா இவ்வளவு மல்லுக்கட்டுறீங்க? பேசாம ஒருநாள் எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிடுங்களேன், நானே சமைச்சுப் போடறேன்.”

“ஏழு பேர் வரமாட்டாங்க.”

“ஏன், ஏதாவது சண்டையா?”

“நாலு பேருக்கு நீ தினமும் சமைச்சுப் போட்டுட்டுத்தான் இருக்க,” என்று வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, “வேலை இருக்கும்மா,” என்றார்.

மாற்றிக் கொடுக்கும் நிரல் ஒரு நீளமான படிவத்தைத் திரையில் விரித்தது. கட்டம் கட்டமாக, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வரி. கவர்னர் முப்பது வருடமாக மாதாமாதம் லிஃப்ட் சோதனைப் படிவம் நிரப்புகிறவர். அதில் ஒரு கட்டத்தில் டிக் இல்லையென்றாலும் ஆபீசிலிருந்து திரும்பி வந்துவிடும். அதனால் அடித்தளமே இல்லாத கட்டடத்தில்கூட ‘அடித்தளக் கதவு சரியாக உள்ளது’ என்று டிக் போட்டுப் பழகிய கை. மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில் எல்லாவற்றுக்கும் டிக் போட்டார். ‘ஒரே மின்னஞ்சலில் உள்ள கணக்குகளை ஒன்றாக இணைக்கவும்’ என்பதற்கும் போட்டார்.

மதியம் இரண்டு மணிக்குப் புது மன்றம் பளபளவென்று திறந்தது. கவர்னர் ஆசையாகத் தன் பழைய பதிவு ஒன்றைத் திறந்தார்.

‘கவர்னர் ஐயாவின் பொறுமைக்குத் தலை வணங்குகிறேன். — கவர்னர்.’

அதற்குக் கீழே, ‘நன்றி நண்பரே, உங்களைப் போன்றவர்களால்தான் மன்றம் வாழ்கிறது. — கவர்னர்.’

அதற்கும் கீழே, ‘ஐயா, எனக்கு ஒரு சந்தேகம். — கவர்னர்.’

அவசரமாக அடுத்தடுத்த திரிகளைத் திறந்தார். ஒரு திரியில் கவர்னர் கவர்னரைக் கண்டித்து, கவர்னர் கவர்னரிடம் மன்னிப்புக் கேட்டு, கவர்னர் இருவரையும் சமாதானப்படுத்தியிருந்தார். கதவுத் தடத் திரிக்குப் போனார். அங்கே, ‘எஃகுக்கயிறு அண்ணன் சொல்வது நூற்றுக்கு நூறு. — எஃகுக்கயிறு’ என்றிருந்தது. ‘எங்கள் காலத்தில் எஃகுக்கயிறு போன்றவர்களைத்தான் மதிப்போம். — எஃகுக்கயிறு.’

“அடப்பாவி, பதினோரு வருஷமா ஏமாத்தியிருக்கான்!” என்று கவர்னர் கத்தியே விட்டார். இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா என்று அவருக்கு உண்மையாகவே கோபம் வந்தது. கோபத்தோடு முகப்புப் பக்கத்தைப் பார்த்தார். புது மென்பொருள் அங்கே தானாகவே கணக்குப் போட்டு வைத்திருந்தது: இந்த ஆண்டு எழுதியவர்கள், இரண்டு பேர்.

கோபம் அப்படியே வடிந்துவிட்டது. சமாதானத்துக்கு வந்த மடல்கள் அத்தனையும் இப்போது ‘கவர்னருக்கு’ என்று நிற்கும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தனிமை, நெஞ்சு பாரம், எல்லாம். நம்பிச் சொன்ன மனிதர் அதைப் பார்த்தால் இந்தப் பக்கமே வரமாட்டார். பேக்கப் இருக்கிறது, பழையதைத் திரும்ப ஏற்றிவிடலாம் என்று அவசரமாக அதைத் தேடும்போதே, எஃகுக்கயிறு பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

கவர்னர் கையை எடுத்துவிட்டார். அரை மணி நேரம் அந்த விளக்கு அணையவில்லை. எழுத்தும் வரவில்லை. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை எத்தனையோ முறை வெளியில் நின்று “பயப்படாதீங்க” என்று தேற்றியிருக்கிறார். தேற்றுவது எவ்வளவு லேசான வேலை என்று இப்போது தெரிந்தது.

தனிமடல் ஒன்று வந்து விழுந்தது.

‘சமாதானம் நீங்கதானா?’

பொய் சொல்ல ஆயிரம் வழி இருந்தது. மென்பொருள்மேல் பழியைப் போடலாம்; அது பேசாது.

‘ஆமா,’ என்று எழுதினார். ‘மன்னிச்சிடுங்க.’

கவர்னர் பொறுக்க முடியாமல் மறுபடியும் எழுதினார். ‘டாக்டரைப் பாத்தீங்களா?’

‘அதைக் கேக்க நீங்க யாரு?’

‘நான்தானே முதல்ல இருந்து சொல்லிட்டிருக்கேன்.’

‘நீங்க சொல்லல. சமாதானம் சொன்னாரு. நீங்க சொல்லி நான் என்னைக்குக் கேட்டிருக்கேன்?’

அதுவும் நியாயம்தான் என்று கவர்னருக்குப் பட்டது. கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதினார். ‘அவர் சொன்னா கேப்பீங்களா?’

விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

‘அவர் சொன்னா பாக்கலாம்.’

கவர்னர் மன்றத்தை விட்டு வெளியே வந்தார். மனைவியிடம் அவளுடைய மின்னஞ்சல் முகவரியைக் கடன் வாங்கினார். எதற்கு என்று கேட்டவளிடம், “ஒருத்தரை டாக்டர்கிட்ட அனுப்பணும்,” என்று மட்டும் சொன்னார். அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. சமாதானம் என்ற பெயரில் புதிதாக ஒரு கணக்கைத் திறந்து உள்ளே போனார்.

‘அண்ணே, நான் சமாதானம். பாக்கலாம்னு சொல்ற கதையே வேண்டாம். இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. தனியா போகாதீங்க, பக்கத்து வீட்டுல யாரையாவது கூப்பிட்டுக்கங்க. போய்ச் சேந்ததும் எனக்கு எழுதுங்க.’

வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது.

‘சரி தம்பி, கிளம்பறேன். அந்தக் கவர்னர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. பாவம், பயந்துடுவான்.’