மண்டபம் காலி இல்லை

பூங்காவில் கல்யாணம் வைத்துக்கொள்ளப் போகிறேன் என்று என் மகள் வந்து சொன்னபோது, நான் வேறொருவர் மகளுக்காக மேடைத் திரையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரிலேயே பெரிய கல்யாண மண்டபம் அது. நான் அதன் மேனேஜர். ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் என் கண் முன்னால்தான் மேடை ஏறியிருக்கிறார்கள். ஒவ்வொரு கல்யாணத்திலும் என் மனசு தனிக்கணக்குப் போடும். இந்த விளக்கு என் மகளுக்கு ஆகும், இந்தத் திரை ஆகாது, இந்த ஃபோட்டோக்காரனைக் கிட்டவே சேர்க்கக் கூடாது என்று.

"பூங்காவுல நாய்தான் படுத்துக் கிடக்கும்" என்றேன்.

"கிடக்கட்டும்பா. அதுவும் வந்து வாழ்த்திட்டுப் போகட்டும்" என்று சிரித்தாள். பிறகு என் கையிலிருந்த கயிற்றை வாங்கி அவளே முடிச்சுப் போட்டாள். "ஸ்கூல் விட்டு வந்து இந்த மண்டபத்துப் பின்னாடி உக்காந்துதானேப்பா நான் படிச்சேன்? ஒரு கல்யாணம் முடிஞ்சா எத்தனை மூட்டை குப்பை போகும், எவ்வளவு சோத்தை அள்ளிக் கொட்டுவாங்கன்னு எனக்குத் தெரியும். எனக்கு அது வேண்டாம்பா."

இதில் நான் என்ன குறை சொல்ல முடியும்? நியாயமான பேச்சுதான். ஆனால் அந்தப் பூங்காவுக்குக் கண்காணிப்பாளர் யார் தெரியுமா? மாப்பிள்ளையின் அப்பா. என் சம்பந்தி. நான் அவருக்கு மனசுக்குள் வைத்த பெயர் புல்லுக்காரர்.

திட்டம் போடுவதெல்லாம் அவருடைய அலுவலக அறையில் நடந்தது. உர மூட்டைகளுக்கு நடுவே ஒரு மேஜை. அதன் மேல் பூங்காவின் வரைபடத்தை விரித்து, மூலைக்கு ஒரு பூந்தொட்டியை வைத்துக்கொண்டு என் மகளும் அவரும் தலையோடு தலை முட்டக் குனிந்திருப்பார்கள். மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது, கயிறு கட்டக் கூடாது. பறவைகள் கலையும், அதனால் ஒலிபெருக்கி கிடையாது. பிளாஸ்டிக் பாட்டில் உள்ளே வரக் கூடாது. தட்டும் டம்ளரும் அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். மிச்சமாகும் காய்த்தோல் அவருடைய உரக்குழிக்குப் போகும்.

"விருந்துக்குக் கூப்பிட்டுட்டு, தட்டை நீயே கொண்டான்னு சொன்னா காறித் துப்பமாட்டாங்களா?" என்று நான் கேட்டேன்.

"துப்புனா அதுவும் மக்கிடும் சம்பந்தி" என்றார் புல்லுக்காரர். என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் சொல்லும் ஜோக்குக்கு அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாகிவிட்டது!

எனக்கு வயிறு எரிந்தது. மூடி மறைக்க என்ன இருக்கிறது, பற்றி எரிந்தது. முதலில் ஒவ்வொன்றுக்கும் "அப்பா, நீங்க என்ன சொல்றீங்க?" என்பாள். பிறகு அது "மாமா, சரிதானே?" என்று மாறியது. கடைசியில் என்னிடம் முடிவை மட்டும் சொன்னார்கள். கல்யாணம் நடத்துவதையே பிழைப்பாக வைத்திருப்பவன் நான். என் மகள் கல்யாணத்தில் என் வேலை, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்பது.

அவர் வைத்திருந்த சட்டங்களில் ஒன்றே ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. முந்தின நாள் மழை பெய்து புல்தரை ஊறிவிட்டால் அங்கே கூட்டம் கூடக் கூடாது. அது தெரிந்த நாளிலிருந்து நான் வானத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தேன். முதலாளியிடம் போய், அந்தத் தேதியில் வயரிங் எல்லாம் பார்க்க வேண்டும், மண்டபத்தை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று கூசாமல் புளுகினேன். கேட்டு வந்த இரண்டு பார்ட்டிகளைத் திருப்பி அனுப்பினேன். பெற்ற மகள் கல்யாணத்துக்கு மழையை வேண்டிக்கொண்ட அப்பன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வேண்டியது பலித்தது. கல்யாணத்துக்கு முந்தின மத்தியானம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மண்டபத்துக்கு ஓடினேன். நானே கூட்டிப் பெருக்கினேன், நாற்காலிகளை வரிசை போட்டேன், ஆசைப்பட்டு எடுத்து வைத்திருந்த திரையைக் கட்டினேன். எல்லா விளக்கையும் போட்டுவிட்டு நடுவில் நின்று பார்த்தேன். என் மகள் அந்தக் கதவு வழியாக வருவாள் என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது.

அப்போது போன் அடித்தது. புல்லுக்காரர்.

"சம்பந்தி, புல்தரைய மூடிட்டேன். நனைஞ்ச மண்ணுல அத்தனை பேர் மிதிச்சா வேர் செத்துப் போயிடும். ஊருக்கு ஒரு சட்டம், என் பையனுக்கு ஒரு சட்டமான்னு நாளைக்கு யாரும் கேட்டுடக் கூடாது பாருங்க." குரல் கம்மியது. "உங்க மண்டபம் நாளைக்குக் காலியா இருக்குங்களா?"

இதற்காகத்தானே காத்திருந்தேன்? ஆனால் கேட்பது யார்? என் மகள் அல்லவா கேட்க வேண்டும்! "அப்பா, நீங்கதான் காப்பாத்தணும்" என்று அவள் வாயால் சொல்ல, "உனக்கு இல்லாததாம்மா" என்று நான் சொல்ல, இத்தனை நாளும் ஒத்திகை பார்த்தது அதைத்தானே! அதற்கும் இந்த மனுஷன்தான் குறுக்கே வர வேண்டுமா?

"இல்லீங்களே" என்றேன். "வேற பார்ட்டி எடுத்துட்டாங்க."

"அய்யய்யோ. சரிங்க, நான் வேற பாக்குறேன்" என்று வைத்துவிட்டார்.

என் கணக்கு இதுதான். அவர் போய்ச் சொல்வார், அவள் பதறிப் போய் என்னைக் கூப்பிடுவாள், நான் உடனே சரி என்பேன். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தேன். அது அடிக்கவில்லை. நானாகக் கூப்பிடலாம்தான். அவளே கூப்பிடட்டும் என்று வீம்பு. இருட்டும் நேரத்தில் ஒரு செய்தி மட்டும் வந்தது: "நாத்துக் கொட்டகைல வெச்சுக்கலாம்னு மாமா சொல்லிட்டாங்கப்பா. சீக்கிரம் வந்துடுங்க."

ஒவ்வொரு விளக்காக அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

பூங்காவின் நாற்றுக் கொட்டகை என்றால் மேலே தகரம், கீழே சிமென்ட் தரை, இரண்டு பக்கமும் தொட்டி அடுக்கிய இரும்பு அலமாரிகள். நடுவில் கிடைத்த சந்தில் பாதிச் சனம் நின்றது. மீதிச் சனம் வெளியே தூறலில். என் அக்கா, முழங்கால் வலிக்காரி, ஒரு கையில் குடையும் மறு கையில் சொந்தத் தட்டுமாக எட்டி எட்டிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை என்று புலம்பினாள். தகரத்தில் தூறல் விழும் சத்தத்தில், கல்யாணத்தைப் பதிவு செய்ய வந்த பதிவாளர் படித்தது யார் காதிலும் விழவில்லை. என் மகள் கையெழுத்துப் போட்டாள். அவள் புடவைக் கரையெல்லாம் சேறு. பக்கத்து ஊர் வரைக்கும் தெரிகிற மாதிரி சிரித்துக்கொண்டிருந்தாள். புல்லுக்காரர் ஓடி ஓடி எல்லாருக்கும் குடை பிடித்தார். அவரைத்தான் எல்லாரும் புகழ்ந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

சாப்பாட்டு நேரத்தில் அவள் தட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து, கவிழ்த்துப் போட்ட தொட்டி மேல் உட்கார்ந்தாள்.

"கோவமாப்பா?"

"எனக்கென்ன கோவம். உன் மாமா எல்லாத்தையும் பாத்துக்கறாரே."

"நேத்து மழை கொட்டினதும் எனக்கு முதல்ல நம்ம மண்டபம்தான்பா ஞாபகம் வந்துச்சு. நம்ம தட்டு, நம்ம சாப்பாடுன்னு அங்கயே பண்ணிடலாம்னு தோணுச்சு. நான்தான் மாமாவை உங்ககிட்ட கேக்கச் சொன்னேன்."

"நீயே கேட்டிருக்கலாமேம்மா."

"நானா? நல்லா கேட்டேன் போங்க! நான் ஒரு வார்த்தை கேட்டா, எவன் புக் பண்ணியிருந்தாலும் தூக்கிப் போட்டுட்டு எனக்குக் குடுத்துடுவீங்க. எனக்குத் தெரியாதா உங்களை? கடைசி நேரத்துல அந்தப் பொண்ணு எங்க போவா? மாமா கேட்டாதான் உள்ளதைச் சொல்லுவீங்கன்னு நினைச்சேன்."

நான் தட்டில் மிச்சமிருந்த சோற்றை வழித்து வாயில் போட்டுக்கொண்டேன்.

"அங்க இன்னைக்குக் கல்யாணம் நல்லபடியா நடக்குதாப்பா?"

"நடக்குதும்மா" என்றேன்.

"நடக்கட்டும். அவளாவது நனையாம பண்ணிக்கட்டும்" என்று சொல்லி, என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.