ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய நூறு கெட்சால்

எங்கள் ஷேலா ஊரில் பென்ஷன் வாங்குகிறவர், தான் உயிரோடு இருப்பதற்கு வருஷம் ஒருமுறை நோட்டரியிடம் போய்ச் சான்று வாங்கி வர வேண்டும். பென்ஷன் ஆபீசில் நேரில் போய் நின்று இருமிக் காட்டினாலும் செல்லாது. அப்படி ஊரில் பாதிப் பேரை உயிரோடு வைத்திருக்கிற நோட்டரி வக்கீல் தோன் எவரார்தோவின் வீடு, என் ஜெராக்ஸ் கடையை ஒட்டியது. முத்திரை குத்தாத எதையும் மனிதர் நம்பமாட்டார்.

போன மாதம் அவருடைய அப்பாவின் சட்டப் புத்தகத்திலிருந்து ஒரு நூறு கெட்சால் நோட்டு விழுந்தது. ஐம்பத்தேழில் அச்சானது. அப்பாவும் வக்கீல்தான். அந்தப் புத்தகத்தை அவர் ஒருநாளும் திறக்காத புண்ணியத்தில் நோட்டில் ஒரு மடிப்புகூட இல்லை. தலைநகரத்தில் பழைய நோட்டு சேர்க்கிற பர்ருந்தியா போட்டோவைப் பார்த்துவிட்டு ஒரு விலை சொன்னார். வீட்டுக்குப் புதுக் கூரையே போட்டுவிடலாம்.

வக்கீல் மனைவி மிர்தா அன்றே தகரக் கடையில் அளவு கொடுத்துவிட்டு வந்தாள். ஆறு மழைக்காலமாகக் கட்டில் தலைமாட்டில் வாளி வைத்துப் படுக்கிறவள்.

“இந்த மழைக்கு வாளியக் கவுத்துப் போட்டு, அது மேல உக்காந்து காபி குடிக்கப் போறேன், பாருங்க” என்றாள் என்னிடம். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நோட்டை வாங்க வருவதற்கு முந்தின நாள் பர்ருந்தியா போனில் கேட்டாராம்: “அசல்தானே? இப்பல்லாம் போலி நிறைய வருது.”

முப்பது வருஷ நோட்டரியிடம் கேட்கிற கேள்வியா அது?

ஞாயிற்றுக்கிழமை பர்ருந்தியா வந்தார். மிர்தா வைத்த காபியையும் ரொட்டியையும் தள்ளி வைத்தார், வெள்ளைக் கையுறை மாட்டினார். வக்கீல் நாடா கட்டிய உறையைப் பிரித்து நோட்டை எடுத்து நீட்டினார். முன்பக்கம் ஊதா வட்ட முத்திரை. அதன் கீழே, ‘இது அசல் என்பதற்கு நான் சாட்சி’. பின்பக்கம் பசை போட்டு ஒட்டிய ரெவின்யூ ஸ்டாம்ப், அதன் மேல் குறுக்கே ஒரு கையெழுத்து.

“என்ன வக்கீலய்யா பண்ணி வெச்சிருக்கீங்க?”

“நீங்கதானே அசலான்னு கேட்டீங்க? இனிமே எந்தக் கோர்ட்டுலயும் எவனும் வாயத் தொறக்க முடியாது.”

“இத இனிமே யாரும் வாங்கவே மாட்டாங்க.”

“ஏன், முத்திரை தெளிவா விழலியா?”

பர்ருந்தியா கையுறையைக் கழற்றினார். தள்ளி வைத்த ரொட்டியை இழுத்துக் காபியில் தோய்த்துத் தின்றுவிட்டுக் கிளம்பினார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகுதான் உறைத்தது. அந்த ஸ்டாம்பையும் பசையையும் அவர் என் கடையில்தான் வாங்கினார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. விற்றால் போதும் எனக்கு.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் முதல் மழை கொட்டியது. மனசு கேட்காமல் ஒரு பிளாஸ்டிக் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு போனேன். வக்கீல் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். தலையணையில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. மூலையில் மிர்தா வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

“ஒழுகுது மிர்தா! வாளிய எடு!”

அவள் ஒரு வாய் குடித்தாள்.

“ஒழுகுதுன்னு யாரு சொன்னா? முத்திரை குத்தி எழுதிக் குடுங்க வக்கீலய்யா, அப்புறம் எந்திரிக்கிறேன்.”