பைன் மரத்துக்கு இடப்பக்கம்

சங்கிலி குலுங்கிய சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது. ஆனால் ரவுனோ மட்டும்தான் கத்தினான்.

"விழுந்துருச்சுடா! ஒரே வீச்சுல! குஸ்தா, ஒரே வீச்சுலடா!"

தோளில் இருந்த பையைக் கீழே போட்டுவிட்டு அவன் குஸ்தாவைக் கட்டிப் பிடித்துத் தூக்கினான். கம்பத்துக் கூடையை நோக்கிக் குஸ்தா வீசிய பிளாஸ்டிக் தட்டோ பாதி தூரத்திலேயே ஒரு பிர்ச் மரத்தில் மோதி, வலப்பக்கச் சதுப்பில் போய் விழுந்திருந்தது. விழுந்ததைக் குஸ்தா பார்த்தான். ஹெல்யாவும் பார்த்தாள். குலுங்கியது அவர்களுடைய கூடைக்கு மேல், தட்டைத் தடுத்து உள்ளே விழவைக்கத் தொங்கும் சங்கிலி அல்ல. புதர்களுக்கு அந்தப் பக்கம், ஒன்பதாம் கூடையில் யாரோ ஒரு குடும்பம் ஆடிக்கொண்டிருந்தது.

"இறக்கி விடுடா, தடியா," என்றான் குஸ்தா. "சேத்துல போட்டதுக்கு இவ்ளோ நக்கலா? இரு, உன் முறை வரும்ல."

ரவுனோ ஒரு நொடி தாமதித்துத்தான் சிரித்தான். அவன் கையில் மார்க்கர் பேனா இருந்தது. ஒரே வீச்சில் தட்டு கூடைக்குள் விழுந்தால், அதைக் கண்ணால் பார்த்தவர்கள் அந்தத் தட்டின் மேல் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். அதன் பிறகு யாரும் அந்தத் தட்டை வீசுவதில்லை, சுவரில் மாட்டி வைப்பார்கள். குஸ்தாவின் வீட்டுச் சுவர் இன்னும் காலியாகத்தான் இருந்தது. கேலி செய்கிறவன் பேனாவை எடுக்கலாம், ஆனால் மூடியைக் கழற்ற மாட்டான் என்று ஹெல்யாவுக்குத் தோன்றியது. ரவுனோ மூடியைக் கழற்றியிருந்தான்.

அது போன சனிக்கிழமை. அதற்கப்புறம் அந்த வாரம் முழுக்க அவளுக்கு வேறு எதுவும் சரியாக ஓடவில்லை.

மூவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஊர் சிறியது. கிழக்குப் பின்லாந்தின் மற்ற சிற்றூர்களைப் போல இங்கும் ஒரு கடை, ஒரு ஏரி, குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்கு ஒரு காட்டுப் பாதை. பனி உருகியதும் அதே பாதைதான் தட்டு வீசும் திடலாக மாறும். யாரும் காசு கேட்பதில்லை, யாரும் நேரம் குறிப்பதில்லை. சனிக்கிழமை மதியம் மூவரும் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஒருவர் வீசும்போது மற்ற இருவரும் வாயை மூடிக்கொண்டு, தட்டு தரையில் உட்காரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வீசியவனுக்குத் தன் தட்டு எங்கே போனது என்று பெரும்பாலும் தெரியாது. உடம்பு சுழன்று நிற்கும், கண் தாமதமாகத்தான் போய்ச் சேரும். பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும். அவர்களுக்குள் இருந்த ஒரே சட்டம் அதுதான்.

ரவுனோவின் தட்டுகளை எப்போதும் ஹெல்யாதான் பார்த்துச் சொல்வாள். "பெரிய பைன் மரத்துக்கு இடப்பக்கம்." "பாறைக்கு முன்னாடி, புளூபெர்ரிச் செடிக்குள்ள." இந்தக் கோடை முழுக்க அப்படிச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். முன்பெல்லாம் இத்தனை முறை சொன்னாளா? அவள் யோசித்துப் பார்த்தாள். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. வசந்தத்தில் ரவுனோ தன் பழைய நீலத் தட்டுகளையெல்லாம் யாருக்கோ கொடுத்துவிட்டு, கண்ணைக் கூசவைக்கும் இளஞ்சிவப்பில் புதுசு வாங்கியிருந்தான். குஸ்தா அதைப் பார்த்து, "பொண்ணுங்க பலூன் மாதிரி இருக்குடா," என்று சிரித்தான். அவளும் சேர்ந்து சிரித்தாள். தரையில் கிடக்கும் தட்டுகளை நோக்கி நடக்கும்போது ரவுனோ ஒருபோதும் முதலில் கிளம்புவதில்லை. அதையும் அவள் இப்போதுதான் நினைத்துப் பார்த்தாள். இதெல்லாம் ஒரு சந்தேகம் வந்த பிறகு தானாகவே வரிசை கட்டி வந்து நிற்கும் விஷயங்கள். சந்தேகம் தப்பாக இருந்தால் வரிசையும் தப்பு. அப்படித்தான் அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

ஆனால் ரவுனோ பள்ளி டாக்ஸி ஓட்டுகிறவன். ஏரிக்கு அந்தப் பக்கம் சிதறிக் கிடக்கும் வீடுகளுக்குப் போய், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, சரளைச் சாலையில் பள்ளிக்கு அழைத்து வருவது அவன் வேலை. ஹெல்யாவின் மகள் தின்யா தினமும் காலையில் அந்த வேனில் முன்சீட்டில் உட்கார்ந்துதான் வருகிறாள். ஹெல்யா பள்ளிச் சமையலறையில் வேலை பார்க்கிறாள், அவள் போகும் நேரத்துக்குப் பிள்ளை எழுந்திருக்கவே மாட்டாள். இத்தனை நாளும் அது அவளுக்கு ஒரு நிம்மதியாக இருந்தது. ரவுனோதானே கூட்டி வருகிறான்.

அந்த வாரம் அவள் தினமும் காலையில் ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டுச் சமையலறை ஜன்னல் பக்கம் போய் நின்றாள். வேன் தினமும் வந்தது. ஒழுங்காகத் திரும்பியது, ஒழுங்காக நின்றது. வியாழக்கிழமை பட்டாணிச் சூப் அடிப்பிடித்தது.

அன்று மாலை அவள் மகளிடம் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"ரவுனோ எப்படிடி ஓட்டுறான்?"

"நல்லாத்தான் ஓட்டுறாரு. நாங்க விளையாடிட்டே வருவோம்மா."

"என்ன விளையாட்டு?"

"ரோட்டோரமா யாராவது நின்னா முதல்ல பார்த்துச் சொல்றவங்களுக்கு ஒரு மிட்டாய். சைக்கிள்னாலும் ஒண்ணு. மூஸ் மான்னா ரெண்டு. நான்தான் முன்னாடி இருக்கேன்ல, எனக்குத்தான் நிறைய கிடைக்கும்." தின்யா சட்டைப் பையிலிருந்து கறுப்பு உப்பு மிட்டாய் ஒன்றை எடுத்துக் காட்டினாள். "உனக்கு வேணுமா?"

ஹெல்யா வேண்டாம் என்றாள். மறுநாள் பிள்ளைக்கு லேசாகக் காய்ச்சல் இருக்கிறது என்று பள்ளிக்குச் சொல்லிவிட்டாள். காய்ச்சல் இல்லை. ஒரு நாளை அப்படித் தள்ளிவிடலாம். திங்கட்கிழமை வரும்.

சனிக்கிழமை வானம் மூடியிருந்தது. பிர்ச் இலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கியிருந்தன. காட்டுக்குள் எங்கோ வேட்டைக்காரர்களின் நாய் குரைத்தது. குஸ்தா பிளாஸ்க்கில் காபியும் கடையில் வாங்கிய லவங்கப்பட்டை ரொட்டியும் கொண்டு வந்திருந்தான். முதல் சில கூடைகளுக்கு ஹெல்யா எப்போதும்போலவே இருக்கப் பார்த்தாள். ஆட்டம்தான் மோசமாக இருந்தது.

"என்னடி, எல்லாம் கோணலாப் போகுது?" என்றான் குஸ்தா. "பிள்ளைங்களுக்குச் சூப் கிண்டிக் கிண்டி மணிக்கட்டு போச்சா?"

"உன் வாயைக் கிண்டலாம்னு இருக்கேன். வீசுடா."

ஆறாம் கூடை திறந்த வெளியில் இருந்தது. குளிர்காலத்தில் அங்கே பிள்ளைகள் சறுக்குவார்கள். இப்போது புல் கட்டையாக வெட்டப்பட்டிருந்தது, நடுவில் மரமோ புதரோ இல்லை. அங்கேதான், தட்டு விழுந்த இடத்தைச் சொல்லாமல் ரவுனோவைச் சோதித்துப் பார்ப்பது என்று அவள் முன்னாடியே முடிவு செய்திருந்தாள். நேராகக் கேட்டால் அவன் சிரித்து மழுப்பிவிடுவான், அவளும் அந்தச் சிரிப்பை நம்ப ஆசைப்பட்டு நம்பிவிடுவாள். தன்னைப் பற்றி அவளுக்கு அது தெரியும். சிநேகிதனுக்குப் பரீட்சை வைப்பது கேவலமான காரியம் என்றும் தெரியும்.

ரவுனோ வீசினான். அருமையான வீச்சு. தட்டு முதலில் வலப்பக்கம் சாய்ந்து, பிறகு நிமிர்ந்து, கடைசியில் மெல்ல இடப்பக்கம் இறங்கிப் புல்லில் உட்கார்ந்தது. பச்சைப் புல்லில் இளஞ்சிவப்பு. பாதையிலிருந்து பார்த்தாலே தெரிந்தது.

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் எதுவும் சொல்லவில்லை. குஸ்தா தன் தட்டைத் தேடி வேலியோரமாகப் போய்விட்டிருந்தான்.

"போலாமா?" என்றான் ரவுனோ.

"ம்."

அவன் அவள் முதலில் நடப்பதற்காகக் காத்திருந்தான். அவள் குனிந்து ஷூ நாடாவைக் கட்டினாள். ஏற்கனவே கட்டியிருந்த நாடாதான். கடைசியில் அவனே நடந்தான். நிதானமாக, சரியான திசையில்தான் போனான். வீச்சின் தூரம் அவன் கைக்குத் தெரியும். ஏறக்குறைய சரியான இடத்தில் போய் நின்று தலையை இப்படியும் அப்படியும் திருப்பினான். தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஓரக்கண்ணால் பார்ப்பதுபோலப் பார்த்தான். பிறகு ஓரடி முன்னால் வைத்து, தட்டைத் தாண்டிப் போய், இன்னும் தேடினான்.

"எங்க போச்சு இது?" என்றான். குரல் இயல்பாக இருக்க முயன்றது. "ஹெல்யா? இன்னைக்கு ஏன் வாயே திறக்க மாட்டேங்குற?"

அவள் அவன் அருகில் போனாள்.

"ரவுனோ. தட்டு உன் காலுக்குப் பின்னாடி கிடக்கு. இப்பதான் தாண்டிப் போன."

அவன் திரும்பவில்லை.

"வெயில் கண்ணுல அடிக்குது."

"வெயிலே இல்லடா."

வேட்டை நாய் மறுபடி குரைத்தது. அவன் குனிந்து கையால் புல்லைத் தடவித் தட்டை எடுத்தான். அதைத் துடைத்துக்கொண்டே பேசினான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நடுவுல ஒரு கறை மாதிரி இருக்கு. சுத்தி எல்லாம் நல்லாத் தெரியும். எதைப் பார்க்கணும்னு நினைக்கிறேனோ அதுதான் தெரியாது. வசந்தத்துல கண்ணு டாக்டர் பார்த்துட்டு, திரும்ப வா, டெஸ்ட் எடுக்கணும்னாரு. நான் போகல."

"ஏன் போகல?"

"போனா லைசென்ஸைப் பிடுங்கிருவாங்கல்ல. அப்புறம் நான் என்ன பண்றது? அந்த ரோடு எனக்கு மனப்பாடம் ஹெல்யா. நான் கண்ணை மூடிட்டே ஓட்டுவேன்."

"அதுதான்டா என் பயமே."

அவன் முகம் சிவந்தது. அவளை இப்போது நேராகப் பார்த்தான். இல்லை, நேராகப் பார்க்க வேண்டும் என்பதற்காகத் தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தான். அந்தச் சாய்வைத்தான் கோடை முழுக்கக் குறும்பு என்று அவள் எண்ணியிருந்தாள்.

"அப்போ உனக்கு முன்னாடியே தெரியும். பைன் மரத்துக்கு இடப்பக்கம், பாறைக்கு முன்னாடின்னு ஒவ்வொண்ணா சொல்லிட்டே இருந்தியே. தெரிஞ்சுதான சொன்ன? தெரிஞ்சுக்கிட்டே பிள்ளையை என்கூட அனுப்பிட்டு, இப்ப வந்து பரீட்சை வைக்கிற."

"தெரியாதுடா. சத்தியமா..." என்று தொடங்கி நிறுத்தினாள். சத்தியம் செய்யும் அளவுக்கு உறுதி அவளிடம் இல்லை. "தெரிஞ்சுக்காம இருக்கறது எனக்குச் சௌகரியமா இருந்துச்சு போல. நான் சொல்லச் சொல்ல நீ நல்லா ஆடுன. நல்லாத்தானே போகுதுன்னு விட்டுட்டேன்."

"இப்ப மட்டும் என்ன?"

"தின்யா மிட்டாய் காட்டினா."

தட்டின் விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே நின்றான். அவன் தோள்கள் இறங்கியதை அவள் பார்த்தாள்.

"பிள்ளைங்க ரொம்ப உஷாரா பார்ப்பாங்க," என்றான் மெதுவாக. "ஒண்ணும் ஆகல இதுவரைக்கும்."

"பார்க்க வேண்டியது அவங்க வேலை இல்லடா."

அதற்குள் குஸ்தா வேலியோரத்திலிருந்து வந்து சேர்ந்தான், கால்சட்டை முழுக்க ஒட்டுமுள்ளோடு. "என்ன, ரெண்டு பேரும் சாமி கும்பிடுறீங்களா? தட்டு கிடைச்சுதா இல்லையா?"

ரவுனோதான் சொன்னான், சுருக்கமாக. குஸ்தா ஒட்டுமுள்ளைப் பிய்த்துக்கொண்டே கேட்டான். பிய்ப்பதை நிறுத்தினான். பிறகு அவன் கேட்டது இதைத்தான்.

"அப்போ போன வாரம்... நெசமாவே நான் போட்டுட்டேன்னு நினைச்சியா?"

"ஆமாடா."

"பேனா எல்லாம் எடுத்தியே."

"ஆமாடா. சந்தோஷமா இருந்துச்சு."

குஸ்தா கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நான் நக்கல்னு நினைச்சு உன்னைத் தடியான்னு திட்டிட்டேன்."

"தினமும்தான் திட்டுற. அன்னைக்கு மட்டும் என்ன?"

மிச்சக் கூடைகளை ஆடுவதா வேண்டாமா என்று யாரும் கேட்கவில்லை, ஆடினார்கள். ஹெல்யா மறுபடி சொல்லத் தொடங்கினாள், இந்த முறை தெரிந்தே. "வேலிக்கு இந்தப் பக்கம். நீ வைக்கிற எட்டுல இருபது எட்டு இருக்கும்." ஒரு இடத்தில் அவன் எரிச்சலோடு, "தெரியுது, தெரியுது," என்றான். தெரியவில்லை. அவள் சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். இன்னொரு கூடையில் அவன் வீசியது நேராகச் சங்கிலியில் மோதி உள்ளே விழுந்தது, இரண்டாவது வீச்சில். அதற்குக் கையெழுத்து இல்லை.

ஆட்டம் முடிந்து வண்டிகள் நிற்கும் இடத்துக்கு வந்தபோது, ரவுனோ ஓட்டுகிறவர் ஏறும் இடப்பக்கக் கதவுக்குப் போகவில்லை. சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து, தின்யா தினமும் உட்காரும் கதவருகே நின்றான். ஹெல்யா வேனின் மறுபக்கத்தில் நின்றிருந்தாள்.

"பிடி," என்று அவன் சாவியைத் தூக்கி வேனுக்கு மேலாகப் போட்டான்.

அவள் பிடிக்கவில்லை. சாவி அவள் விரலில் பட்டு இலைக் குவியலுக்குள் எங்கோ விழுந்தது. அவளும் குஸ்தாவும் குனிந்து மஞ்சள் இலைகளைக் கிளறினார்கள். அகப்படவில்லை.

"பின் சக்கரத்துக்கு இடப்பக்கம்," என்றான் ரவுனோ அந்தப் பக்கத்திலிருந்தே. "கல்லுல பட்ட சத்தம் கேட்டுச்சு. கண்ணு ரெண்டும் நல்லா இருந்து என்ன பிரயோஜனம்?"

சாவி அங்கேதான் கிடந்தது.

குஸ்தா தன் வீடு பக்கம்தான் என்று நடந்து போனான். போகும்போது, "அடுத்த சனிக்கிழமை நான் வந்து கூட்டிட்டுப் போறேன்டா, ஆனா கார் முழுக்க நாய் முடிதான், பார்த்துக்கோ," என்று கத்திவிட்டுப் போனான். ஹெல்யா சீட்டை முன்னால் இழுத்தாள். அவனுடைய கால்களுக்காகத் தள்ளி வைத்திருந்த சீட். இவ்வளவு பெரிய வண்டியை அவள் ஓட்டியதில்லை. காலடியில் மிட்டாய்க் காகிதங்கள் சரசரத்தன.

ஊரைத் தாண்டும் முன்பே ரவுனோ போனை எடுத்து டாக்ஸி முதலாளிக்குப் பேசினான். "திங்கக்கிழமைக்கு வேற ஆளைப் பாருங்க... இல்ல, ஒரு நாளைக்கு இல்ல... நேர்ல வந்து சொல்றேன்." வைத்துவிட்டு, போனை மடியில் கவிழ்த்துப் போட்டான். தனக்கு நிம்மதி வரும் என்று ஹெல்யா நினைத்திருந்தாள். வந்தது பயம்தான், வேறு மாதிரியான பயம். இனிமேல் அவன் காலையில் எழுந்து என்ன செய்வான் என்று.

"மூணாவது கியர் போடு," என்றான் அவன். "இந்த மேட்டுல ரெண்டுல போனா அழும்."

போட்டாள். சரளை தடதடத்தது. ஏரி வலப்பக்கம் சாம்பலாகத் தெரிந்தது. சாலையோரம் பால் கேன்களை வைக்கும் பழைய மேடையைத் தாண்டியதும் அவன் கையை லேசாக உயர்த்தினான்.

"இங்க மெதுவா. அந்த வளைவுல மூஸ் மான் நிக்கும்."

அவள் வேகத்தைக் குறைத்து, வளைவை, ஓரத்துப் பைன் மரங்களை, அவற்றுக்கு இடையே இருந்த இருட்டை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எதுவும் இல்ல," என்றாள் சத்தமாக.

"சரி, போ," என்றான் ரவுனோ.