சேவைக்குப் பாதிப்பில்லை

மூன்று வருடத்தில் எனக்கு மூன்று பொறுப்புக் கூடியது. அதற்காக நான் செய்ததெல்லாம் ஊரை விட்டுப் போகாமல் இருந்தது மட்டும்தான்.

நாட்டில் டொலர் இல்லாமல் போன வருடம், அரசாங்க உத்தியோகத்தர்கள் விரும்பினால் ஐந்து வருடம் சம்பளமில்லாத லீவில் வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்தது. எங்கள் ஆஸ்பத்திரியின் டயலிசிஸ் பிரிவில் அப்போது ஆறு நேர்ஸ்மார், ஒரு டெக்னீசியன். சிறுநீரகம் பழுதானவர்களின் இரத்தத்தை மெஷினில் சுத்தப்படுத்தித் திருப்பி உடம்புக்குள் விடுகிற வேலை. முதலில், பொறுப்பாக இருந்த சிவகௌரி சிஸ்டர் அயர்லாந்து போனார். அடுத்த மாதம் டெக்னீசியன் சிவதர்ஷன் கட்டாருக்குப் போனான். பிறகு ஒவ்வொருவராக இன்னும் மூன்று நேர்ஸ்மார். பெற்றோல் வரிசையில் முன்னால் நிற்பவர் அலுத்துப்போய்க் கழன்றால் பின்னால் நிற்பவர் முன்னுக்கு வருவாரே, நான் முன்னுக்கு வந்ததும் அப்படித்தான். ‘மறு அறிவித்தல் வரை பதில் பொறுப்பு: நிவேதனா’ என்று சிவதர்ஷன் போன கிழமையே எனக்கு ஒரு கடிதம் தந்தார்கள். மறு அறிவித்தல் இன்றுவரை வரவில்லை.

வேலை பழகினேன், அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். அதுவரை நான் நல்ல பயந்தாங்கொள்ளி. டயலிசிஸ் ஊசி சாதாரண ஊசி இல்லை, தடிப்பானது. கஷ்டமான கைகளை எல்லாம் சிவகௌரி சிஸ்டரிடம் தள்ளிவிட்டு நான் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவேன். அவர் போன மறுநாள் மயிலிட்டிச் சீவரத்தினம் அண்ணை கையை நீட்டிக்கொண்டு கட்டிலில் கிடந்தார். ஐம்பத்தெட்டு வயது, கடல்தொழில் செய்தவர், பிடிகொடுக்காத நரம்பு. இரண்டு தரம் குத்தியும் பிழைத்துவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“பயப்பிடாமல் குத்து பிள்ளை. திருக்கை முள்ளு ஏறின கை இது” என்றார்.

மூன்றாம் தரம் சரியாக இறங்கியது. அதற்குப் பிறகு அவருக்கு ஊசி என்றால் நான்தான்.

மெஷின் கத்தினால் கட்டாருக்கு வீடியோ கோல் எடுப்பேன். சிவதர்ஷன் அங்கே ஏதோ ஹோட்டலில் ஏசி திருத்திக்கொண்டே எந்தத் திருகாணியைக் கழற்ற வேண்டும் என்று சொல்லுவான். ஒரு நாள் கரண்டும் போய் ஜெனரேட்டரும் படுத்துவிட்டது. நாலு மெஷினின் பம்பையும் கையால் சுற்றி, நாலு பேரின் இரத்தத்தையும் அவரவர் உடம்புக்குள் திருப்பி அனுப்பினோம். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சோறு குழைக்க விரல் மடங்கவில்லை. முன்பு பெரிய டொக்டரைக் கண்டால் தூணுக்குப் பின்னால் ஒதுங்குகிறவள், இரத்தத்தை வடிகட்டுகிற பில்டர் வரவில்லை என்று அவருடைய மேசைக்கு முன்னால் போய் நின்று சத்தம் போட்டேன். மூன்றாம் நாள் பில்டர் வந்தது. இவ்வளவு நாளும் ஏன் வாய் திறக்காமல் இருந்தேன் என்று எனக்கே என்மேல் கோபம் வந்தது.

பொறுப்பில் இருப்பவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. லீவுக்கு விண்ணப்பிக்கிறவர்களின் படிவத்தில் ஏழாவது கேள்வியை அவர்தான் நிரப்ப வேண்டும். ‘விண்ணப்பதாரர் செல்வதால் சேவைக்குப் பாதிப்பு ஏற்படுமா?’ எல்லாரும் எழுதுவது ‘ஏற்படாது’. வேறென்ன எழுதுவது? கூட வேலை செய்தவளின் பிழைப்பில் மண் போட யாருக்கு மனம் வரும்? முதல் ஆளுக்கு எழுதியபோது அது ஓரளவு உண்மை. இரண்டாம் ஆளுக்கு அரைவாசி உண்மை. மூன்றாம் ஆளுக்கு எழுதியபோது நான் படிவத்தைப் பார்க்காமலே ஒப்பம் வைத்தேன்.

பிறகு என் முறை வந்தது. என் கணவர் பிரணவன் ஒரு கட்டடக் கொம்பனியில் மேற்பார்வை வேலை பார்த்தவர். சீமெந்து விலை ஏறிக் கொம்பனி படுத்தது. இரண்டு வருடமாக வீட்டோடுதான். கோபக்காரர் இல்லை, ஆனால் சிரிப்பு நின்றுவிட்டது. அவருக்காகத்தான் பருத்தித்துறை பஸ்ஸில் நின்றபடியே படித்து, ஆங்கிலச் சோதனையை இரண்டு தரம் தவறவிட்டு மூன்றாம் தரம் பாஸ் பண்ணினேன். இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரி என்னை எடுத்தது. அவரையும் கூட்டிக்கொண்டு போகலாம். லீவு மட்டும் கிடைக்க வேண்டும். இரண்டு மாதத்துக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

என் படிவத்தில் ஏழாவது கேள்வியை யார் நிரப்புவது என்று கந்தோரில் கிளார்க் ஜெரோசனிடம் கேட்டேன். வழமையாக, நேர்ஸ்மாருக்கெல்லாம் தலைமையான மேற்றன்தான் நிரப்ப வேண்டும். மேற்றனும் போய் ஏழு மாதம், அந்த இடம் காலி. ஜெரோசன் சுற்றறிக்கைக் கோவையைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினான்.

“பிரிவுக்குப் பொறுப்பு நீங்கள்தானே மிஸ். நீங்களே போடுங்கோ.”

அவன் பகிடி விடவில்லை, முகத்தில் சிரிப்பே இல்லை. நான் இல்லாவிட்டாலும் ஒன்றும் நடக்காது என்று நானே எழுதி ஒப்பம் வைக்க வேண்டும்.

எழுதியிருக்கலாம். ஒரு சொல்தானே. ஆனால் படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் திரிந்தேன். மூன்றாம் நாள், எனக்குப் பிறகு பொறுப்பெடுக்க வேண்டிய தக்சாயினியைச் சீவரத்தினம் அண்ணைக்கு ஊசி போடச் சொன்னேன். பிரிவில் இருந்த மற்ற இரண்டு நேர்ஸ்மாரும் வேறு வாட்டிலிருந்து புதிதாக வந்தவர்கள். தக்சாயினி கெட்டிக்காரி, ஆனால் இந்தக் கை அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. குத்திய இடம் வீங்கிவிட்டது. அவள் அழாத குறையாக விலக, நான் மற்றப் பக்கத்தில் குத்தி மெஷினைத் தொடங்கினேன்.

நாலு மணித்தியாலம் மெஷினோடு கிடக்கிறவருக்குக் காதுக்குத்தான் வேலை. நான் போவதும் ஏழாவது கேள்வியும் அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. வீங்கிய கையில் ஐஸ் வைத்தபோது அவர் மெல்லமாகக் கதைத்தார்.

“நீ போறது நல்லது பிள்ளை. போகாதை எண்டு சொல்ல நான் ஆர்? ஆனால் போன ஒவ்வொருத்தருக்கும் ஒரு பாதிப்பும் வராது எண்டுதானே எழுதிக் குடுத்தவை. எல்லாத் தரமும் நான் இந்தக் கட்டிலிலைதான் கிடந்தனான். நீயாவது உள்ளதை எழுதிப்போட்டுப் போ.”

எனக்கு அவர்மேல் கோபம்தான் முதலில் வந்தது. இவ்வளவு செய்தவளிடம் இன்னும் கேட்கிறாரே என்று இருந்தது. அன்று பின்னேரம் வாட்டு மேசையில் இருந்து எழுதினேன்: ‘ஏற்படும். பதினாறு நோயாளர்கள் உள்ளனர். இருவரைப் பயிற்றுவிக்க ஆறு மாதம் தேவை.’ மேலே லீவு கேட்டவளும் நான், கீழே, அவளை விட ஏலாது என்று எழுதியவளும் நான். இரண்டு இடத்திலும் ஒரே ஒப்பம். ஜெரோசன் வாசித்துவிட்டு, இப்படி எழுதினால் விடமாட்டார்கள் என்றான். தெரியும், அனுப்பு என்றேன்.

பிரணவனிடம் மறைக்கவில்லை. அவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

“பதினாறு பேரை எண்ணினனீ. என்னை எண்ணினனீயோ?”

மூன்று கிழமை ஒரே வீட்டுக்குள் கதைக்காமல் இருந்தோம். உண்மையைச் சொன்னால், மறுப்பார்கள் என்றுதான் நானும் நம்பினேன். மறுத்தால் இருந்துவிடலாம், பழியை மேலிடத்தின் தலையில் போட்டுவிடலாம் என்று உள்ளுக்குள் ஒரு எண்ணமும் ஓடியது. எனக்கு அவ்வளவு களைப்பாக இருந்தது. முடிவை வேறு யாராவது எடுத்தால் போதும் போல இருந்தது.

நாலாம் கிழமை படிவம் திரும்பி வந்தது. நான் எழுதிய மூன்று வசனத்தையும் சிவப்பு மையால் வெட்டியிருந்தார்கள். பக்கத்தில் ‘ஏற்படாது’ என்று வேறொரு கையெழுத்து. கீழே ‘அனுமதிக்கப்பட்டது’ என்று முத்திரை. ஆட்கள் போனால் சம்பளச் செலவு குறையும், மேலே யாரும் மறிப்பதில்லையாம் என்று ஜெரோசன் விளக்கம் சொன்னான். கை தந்து வாழ்த்தும் சொன்னான்.

வீட்டில் பிரணவன் படிவத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு சிரித்தார். இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கண்டதும் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. முகம் கழுவப் போகிறேன் என்று கிணற்றடிக்குப் போய் அழுதேன். மூன்று வருடமாக நான் பழகிய வேலை அத்தனையும் அந்தச் சிவப்புக் கோட்டுக்குக் கீழே கிடந்தது. அவர்களுடைய கணக்கில் நான் அங்கே இருக்கவே இல்லை.

மறுநாள் சீவரத்தினம் அண்ணையின் முறை. லீவு கிடைத்ததாமே என்று கேட்டார். ஓம் என்றேன். அப்போ என்ன எழுதினாய் என்று அவர் கேட்கவில்லை, ஆனால் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

“நான் உள்ளதைத்தான் அண்ணை எழுதினனான். பதினாறு பேர் இருக்கினம் எண்டும் எழுதினனான். அவை அதை வெட்டிப்போட்டுத்தான் லீவு தந்தவை.”

அவர் மற்ற மூன்று கட்டிலையும் ஒருதரம் பார்த்தார்.

“அப்ப எங்களைத்தானே பிள்ளை வெட்டியிருக்கினம்.”

பயணத்துக்கு இன்னும் நாலு கிழமை இருந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் அவர் வருவார், எட்டுத் தரம். அந்த எட்டுத் தரமும் அவள்தான் குத்திப் பழக வேண்டும் என்று தக்சாயினியைக் கூப்பிட்டேன். அவள் வர மாட்டேன் என்று தலையாட்டினாள். நான் ஊசியைக் கொண்டுபோய் அவளுடைய கையில் வைத்தேன்.