அடுக்களையில் உகாண்டா

எங்கள் கள்ளிக்குப்பம் வீட்டுக்கு இரண்டே அறைகள். அடுக்களை உகாண்டா, முன்னறை ஜாம்பியா. அப்படிப் பேர் வைத்தது என் வீட்டுக்காரர் கோவிந்தன்தான். சாயங்காலமானால் முன்னறையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு குரல் கொடுப்பார்.

"ஜாம்பியாவுல ஒரே தாகமா கீது. உகாண்டாவுலேர்ந்து ஒரு சொம்பு தண்ணி அனுப்பு சொர்ணம்."

"கப்பல் வர மாசக்கணக்கா ஆவும். குந்துகினு இரு" என்பேன் நான். ஆனாலும் தண்ணீர் போகும்.

எழுபத்திரண்டாம் வருஷம், தை பிறந்த சமயம். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவர் கடைசல் வேலை பார்த்த பம்பு கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். எப்போது திறப்பார்கள் என்று முதலாளிக்கும் தெரியாது, சங்கத்துக்கும் தெரியாது. அந்த நேரத்தில்தான் ஃபோர்மேன் சண்முகசுந்தரம் இரண்டு வேலைகளோடு வந்தார். ஒன்று உகாண்டாவில், ஒரு சர்க்கரை ஆலையில். இன்னொன்று ஜாம்பியாவில், செப்புச் சுரங்கத்து ரிப்பேர் பட்டறையில்.

"ரெண்டும் நல்ல வேலை கோவிந்தா. எது வேணும்னு மாசி முடியறதுக்குள்ள சொல்லிடு" என்றார்.

ஒரு புடவையில் நீலமா பச்சையா என்று அரை நாள் யோசிக்கிற மனுஷனிடம் போய் இரண்டு தேசத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? எங்கள் வீட்டில் சோறு வேகிறதோ இல்லையோ, ஆப்பிரிக்கா வெந்துகொண்டே இருந்தது. சண்முகசுந்தரத்தின் தம்பி அந்தப் பக்கம் இருந்தவராம். அவர் சொன்னதையெல்லாம் இவர் கேட்டுவந்து என்னிடம் கொட்டுவார். உகாண்டாவில் தினமும் மழையாம், வைத்ததெல்லாம் முளைக்குமாம், வாழைக்காயை அவித்து மசித்து அதையே சோறாகச் சாப்பிடுவார்களாம், கரை தெரியாத ஏரி ஒன்று இருக்கிறதாம். ஜாம்பியாவில் சோளமாவைக் கிளறி நம் களி மாதிரியே உருட்டுவார்களாம், ராத்திரியெல்லாம் கரண்டு எரியுமாம், சாரலே புகையாக மேலே எழும்புகிற பெரிய அருவி இருக்கிறதாம்.

அதைக் கேட்ட நாளிலிருந்து ஈர விறகின் புகை என் கண்ணை எரித்தாலும் எனக்குக் கோபம் வரவில்லை. அடுக்களையிலிருந்து அது மெல்ல முன்னறைக்குப் போய், படுத்திருக்கிற அவர்மேல் கவியும். அருவி வந்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொள்வார். கிணற்றடிக்குப் போனால், வாழைமரத்தடியில் நிற்கிற நான் வேறொரு நாட்டில் நிற்கிறேன். சிவப்பு மண், நனைந்த இலை, யாரோ புரியாத பாஷையில் என்னைக் கூப்பிட்டு நலம் விசாரிக்கிறார்கள். நானும் பதில் சொல்கிறேன். குடம் நிரம்பி வழிந்து கால் நனைந்த பிறகுதான் கள்ளிக்குப்பம் திரும்பி வரும்.

ஆனால் கனவில் இருக்கிற சுகம் கணக்குப் பார்க்கும்போது இல்லை. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அப்போதுதான் என் வயிற்றில் ஒன்று தங்கியிருந்தது. உகாண்டா என்றால் குடும்பத்தோடு போகலாம், ஆலையே வீடு கொடுக்கும். ஆனால் அங்கே போன வருஷம்தான் பட்டாளம் புகுந்து ஆட்சியைப் பிடித்திருந்தது. ஜாம்பியாவில் சுதந்திரம் வந்த நாளிலிருந்து ஒரே தலைவர், சண்டை சச்சரவெல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம்தானாம். ஆனால் முதல் வருஷம் ஆள் மட்டும்தான் போக வேண்டும், குடும்பம் பிறகு. பிள்ளை பிறக்கும்போது அவர் கடலுக்கு அப்பால் இருப்பார்.

"நாடு நிலையா இருந்தாத்தானே நாம நிலையா இருப்போம்" என்பார் அவர்.

"நீ ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் கீறதுக்குப் பேரு நிலையா?" என்பேன் நான். நான் கத்தினால் அவர் பேசாமல் இருந்துவிடுவார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

கடைசியில் பூக் கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. மாங்காட்டு அம்மனிடம் கேட்பது, அவள் சொன்னபடி நடப்பது. சிவப்பு அரளி உகாண்டா, வெள்ளை அரளி ஜாம்பியா. இரண்டையும் ஒரே மாதிரி தாளில் மடித்து சன்னதியில் வைத்தோம். அங்கே வந்திருந்த யாருடைய பெண்ணையோ கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொன்னோம். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த அந்தக் குழந்தை இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தது. எடுத்த பொட்டலத்தைப் பிரித்தால் சிவப்பு.

எனக்கு அங்கேயே ஆட வேண்டும்போல இருந்தது. பூவைத் தலையில் செருகிக்கொண்டேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஏரிக்கரையில் எங்கள் மூன்று பேருக்கும் வீடு கட்டிக்கொண்டே வந்தேன். கரையான்சாவடியில் பஸ் நின்றபோது அவர் இறங்கி எனக்கு வேர்க்கடலை வாங்கிவந்தார். தனக்கென்று ஒரு கடலைகூட எடுத்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் சோறு வடித்துவிட்டுக் கூப்பிட்டேன்.

"உகாண்டாவுல சோறு ஆறிகினு கீது. வாயா."

வரவில்லை. போய்ப் பார்த்தால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது.

"எனக்குப் பயமா கீது சொர்ணம்" என்றார். "பட்டாளத்தான் வந்து கதவத் தட்டுனா, வவுத்துப் புள்ளையோட உன்ன எங்க இட்டுகினு ஓடுவேன்? இங்கன்னா கொரட்டூரு, ஆவடின்னு எங்கியாவது பூந்துக்கலாம். அங்க ஒரு சந்து தெரியுமா எனக்கு?"

"அம்மனே சொல்லிட்டா இல்ல?"

"அவ சொல்லிட்டான்னு நீ நம்பிகினு வருவியே. அதான் எனக்குப் பயம்."

நான் அழவில்லை. அழுதால் இந்த மனுஷன் அப்போதே உகாண்டா என்று தலையாட்டிவிடுவார். பிறகு அங்கே ஒவ்வொரு ராத்திரியும் கதவைப் பார்த்துக்கொண்டே விழித்திருப்பார். அப்படி ஒருவரை என்னருகில் வைத்துக்கொண்டு நான் என்ன வாழ்ந்துவிடப் போகிறேன்?

தலையிலிருந்த பூவை எடுத்து அம்மன் படத்துக்கு முன்னால் வைத்தேன். "இவர ஜாம்பியாவுக்கு அனுப்பறேன். உம்பேச்ச மீறுறது நான்தான். எதுவானாலும் என்னையே கேளு, அவர ஒண்ணும் செய்யாத" என்று சத்தமாகவே சொன்னேன். அவர் எழுந்து வந்து, அடுக்களை வாசலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்.

பங்குனியில் கிளம்பிப் போனார். ஆடியில் எனக்குப் பெண் பிறந்தாள். அவர் சாயல் அப்படியே, எதைக் கொடுத்தாலும் யோசித்துத்தான் வாய் திறப்பாள்.

பிள்ளைக்கு முதல் மாசம்கூட முடியவில்லை. பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் ரேடியோவைக் கையிலே தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"கேட்டியா மே! உகாண்டாவுல நம்ம ஆளுங்களையெல்லாம் மூணு மாசத்துக்குள்ள வெளியே போன்னு அந்தப் பட்டாளத்தான் சொல்ட்டானாம்! நல்ல வேள, உன் ஊட்டுக்காரு அங்க போவல. அம்மனே தப்பா சொல்லியும் நீ தப்பிச்சே பாரேன்!"

தெருவே என்னைக் கொண்டாடியது. ஃபோர்மேன் சண்முகசுந்தரம் வீடு தேடி வந்து, "உன் புத்தி யாருக்கும்மா வரும்" என்றார். நானும் சிரித்தேன். எத்தனை குடும்பங்கள் பெட்டியைப் பறிகொடுத்து, கட்டிய துணியோடு கப்பலேறப் போகின்றனவோ. அந்தப் பாவம் எனக்குத் தெரியாமல் இல்லை.

எல்லோரும் போன பிறகு பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அடுக்களையில் உட்கார்ந்தேன். வெளியில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. புகை தன்பாட்டில் முன்னறைக்குப் போனது, அங்கே படுத்துக் கண்ணை மூடிக்கொள்ள ஆள் இல்லை. அப்போதுதான் எனக்குச் சுரீரென்று உறைத்தது. உகாண்டாவுக்குப் போயிருந்தால் எங்களை விரட்டியிருப்பார்கள். விரட்டியிருந்தால் ஐப்பசிக்குள் மூன்று பேரும் வெறுங்கையோடு இதே வீட்டுக்கு வந்து சேர்ந்திருப்போம். அம்மன் தப்பாகச் சொல்லவே இல்லை. அவரைத் திருப்பி அனுப்புகிற நாட்டைத்தான் அவள் காட்டியிருக்கிறாள்.

படத்தைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகு நானே அவள் காலில் விழுந்தேன்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய், அவர் படுக்கிற பாயில் படுக்கவைத்தேன். கெங்கம்மாளின் ரேடியோ பக்கத்து வீட்டில் பாடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து தினமும் செய்தி நேரத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பேன். ஜாம்பியா நிலையான நாடு. அங்கிருந்து யாரையும் விரட்டியதாக ஒருநாள்கூடச் சொல்லவில்லை.