பன்னிரண்டு மணிக்கும் புதுத் தளபதிக்கும் நடுவில்

ஒரு நாட்டின் ராணுவம் முழுவதும், பீரங்கி, குதிரை, சமையல்காரர்கள் உட்பட, முப்பத்தெட்டு நிமிடம் அவர் பேச்சைக் கேட்டு நடந்தது. இதை அவரே சொன்னார். யார் கேட்டாலும் சொன்னார். கேட்காவிட்டால் இன்னும் விரிவாகச் சொன்னார். கேஸ் அடுப்பைச் சரிபார்க்க வந்தவரிடம் சொன்னார். முடிவெட்டும் கடையில், கழுத்தில் துணி கட்டப்பட்டு ஓட வழியில்லாமல் உட்கார்ந்திருந்த பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னார். ஒருநாள் எண் மாறி அழைத்த ஒரு பெண்மணியை அரை மணி நேரம் பிடித்துவைத்துச் சொன்னார். அந்த அம்மாள் பதிலுக்குத் தன் மூட்டுவலியை எடுத்துவிட்ட பிறகுதான் போனை வைத்தார்.

அவர் தளபதியாக இருந்தவர் இல்லை. ராணுவத் தலைமையகத்தின் மூன்றாவது மாடியில், தலைமைத் தளபதியின் அறை வாசலில் இருபத்தெட்டு வருடம் நின்ற டவாலி. கதவைத் திறப்பது, கோப்புகளைத் தூக்குவது, சுவர்க்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது, இவ்வளவுதான் உத்தியோகம். ஆறு தளபதிகள் வந்தார்கள், போனார்கள். அவர் நின்ற இடத்திலேயே நின்றார். "அவங்கெல்லாம் டெம்பரவரி, நான்தான் பர்மனென்ட்" என்பார்.

ஓய்வுபெற்றுப் பதினோரு வருடமாகிறது. மனைவி போய் நாலு வருடம். இரண்டு அறை வீட்டில் ஒற்றை ஆள். இன்றைக்கும் சமையலறைக் கதவைத் திறந்தால் ஓரமாக ஒதுங்கி நிற்பார். யாரோ முதலில் போகட்டும் என்று மனசுக்குள் மூன்று எண்ணுவார். யாரும் போவதில்லை. "சரி, நாமளே போவோம்" என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு உள்ளே போவார். வீட்டில் ஏதாவது ஒரு குரல் கேட்க வேண்டுமே.

அந்தச் சத்தம்தான் வினையாயிற்று. பக்கத்து வீட்டம்மா, வெளியூரில் மருந்துக்கடை வைத்திருக்கும் அவர் மகளுக்குப் போன் போட்டுவிட்டார். மகள் கடையைச் சாத்திவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

"அப்பா, டாக்டர்கிட்ட பேசினேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. நடக்காததை நடந்ததா சொல்றாரான்னு. நான் என்ன பதில் சொல்லட்டும்?"

"நடந்ததை நடந்ததா சொல்றாருன்னு சொல்லு."

"போன வருஷம் நாப்பதாயிரம் பேர் உங்க சொல்லைக் கேட்டாங்க. கேஸ் அடுப்புக்காரர்கிட்ட ஒரு லட்சமாம்."

"விலைவாசி ஏறுதில்ல கண்ணு?"

மகள் சிரிக்கவில்லை. மேஜைமேல் இருந்த தடிப் புத்தகத்தை எடுத்தாள். அவர் வாசல் காத்த ஆறு தளபதிகளில் ஒருவர் எழுதிய சுயசரிதை. அதில் தன்னைப் பற்றி ஒரு வரியாவது இருக்கும் என்று டவாலி ஆசை ஆசையாக வாங்கிவந்து, அட்டையிலிருந்து அட்டைவரை மூன்று முறை தேடிப் பார்த்த புத்தகம். மகள் முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்து படித்தாள்: "சரியாகப் பன்னிரண்டு மணிக்கு, எனக்குப் பின் வந்தவரின் கையில் கோலை ஒப்படைத்தேன்."

"உங்க பேரும் இல்ல, ஊரும் இல்ல. மாசக் கடைசியில வீட்டைக் காலி பண்ணிடலாம்ப்பா. எங்க வீட்ல துணி துவைக்கிற மெஷின் இருக்கிற ரூமை ஒழிச்சு வச்சுட்டேன். ஜன்னல்கூட இருக்கு."

"ஜன்னல் எதைப் பாக்குது?"

"பக்கத்து வீட்டுச் சுவரை."

டவாலி சட்டையை மாட்டினார். "எழுதின மனுஷனையே கேட்டுருவோம். அவர் வாயால நடக்கலைன்னு சொன்னா, நானே மூட்டையைக் கட்டறேன். மெஷினுக்குக் காவலா இருக்கேன்."

மேல்பூச்சைச் சுரண்டிவிட்டுப் பார்த்தால், அன்றைக்கு நடந்தது இதுதான்.

தலைமையகத்தில் ஒரு வழக்கம் உண்டு. தளபதியின் கைக்கோல் மற்ற நாட்களில் மேஜைக்குப் பின்னால் ஒரு பித்தளைத் தாங்கியில் நிற்கும். பதவி மாறும் நாளில் பழையவர் அதை வெளியே எடுத்தால், புதியவர் வாங்கித் திரும்பத் தாங்கியில் நிறுத்தும்வரை அது கைவிட்டுக் கைதான் போக வேண்டும். மேஜையிலோ நாற்காலியிலோ படக் கூடாது. பதவிக்காலம் முடிந்தவர் கையில் ஒரு நொடிகூட இருக்கவும் கூடாது. கோல் யார் கையிலோ, படைக்கு அவர் சொல்தான் சொல்.

அன்று பகல் பன்னிரண்டுக்குப் பழையவரின் காலம் முடிகிறது. பதினொன்றே முக்காலுக்குப் புதுத் தளபதி கீழே வந்து இறங்கினார். லிஃப்ட் ஆறு பேருக்கானது. அதில் அவரோடு பதினோரு அதிகாரிகள் ஏறினார்கள். முதல் நாளே புதியவரின் கண்ணில் படாமல் அடுத்த நடைக்குக் காத்திருக்க எவருக்கு மனசு வரும்? படியேறினால் வேர்த்து வழிந்துகொண்டு போய் நிற்க வேண்டும். ஆகவே பெல்ட்டும் பதக்கமும் தொப்பையுமாக ஒருவரையொருவர் அப்பிக்கொண்டு நின்றார்கள். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் ஒரு முக்கல் முக்கி நின்றுவிட்டது.

மேலே அறையில் பழைய தளபதியும் டவாலியும் மட்டும். கடிகாரம் பன்னிரண்டு அடிக்கத் தொடங்கியது. தளபதி தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கோலும் கையுமாக அறையைச் சுற்றிப் பார்த்தார். வேறு ஆளே இல்லை. "பிடி" என்றார். டவாலி பிடித்தார். தளபதி தொப்பியை வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினார்.

டவாலி மேலே நின்று எட்டிப் பார்த்தார். லிஃப்டின் கம்பிக்கதவு அருகே தளபதியின் கால்கள் நின்றன. உள்ளே புதியவர் ஏதோ ஜோக் சொல்லியிருக்க வேண்டும். பதினோரு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முப்பது வருடமாகப் பழையவரின் ஜோக்குகளுக்குச் சிரித்த அதே சிரிப்புகள். எது யாருடையது என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

அப்போதுதான் மேஜைமேல் போன் அடித்தது. அணிவகுப்பு மைதானத்தின் அதிகாரி. பத்து மணியிலிருந்து இரண்டாயிரம் பேர் வெயிலில் விறைத்து நிற்கிறார்கள், மூன்று பேர் மயங்கி விழுந்தாயிற்று, என்ன உத்தரவு? டவாலி கையிலிருந்த கோலைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "எல்லாரையும் நிழல்ல உட்காரச் சொல்லுங்க. தண்ணி குடுங்க." மறுமுனையில் பூட்ஸ் சத்தமே கேட்டது: "உத்தரவு!"

பன்னிரண்டு முப்பத்தெட்டுக்குப் புதுத் தளபதி கசங்கிப்போய் உள்ளே வந்து கோலை வாங்கிக்கொண்டார். லிஃப்டில் மாட்டிய கதை வெளியே போகக் கூடாது என்று எல்லோருக்கும் வாய்ப்பூட்டு. அதோடு டவாலியின் ஆட்சியும் மூடப்பட்டது.

பழைய தளபதியின் வீட்டுக் கதவை அவரே திறந்தார். எண்பதைத் தாண்டிவிட்டார், முதுகு மட்டும் இன்னும் நேர். கூடத்தில் பன்னிரண்டு நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. ஒன்றில் மட்டுமே உட்கார்ந்த பள்ளம். டீ போடுகிறேன் என்று உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை. மூன்றாவது கோப்பையைத் தேடும் சத்தம் கேட்டது. கடைசியில் தனக்கு ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்தார்.

"இருபத்தெட்டு வருஷம் நீ எனக்கும் மத்தவங்களுக்கும் கதவு திறந்த. இன்னைக்கு நான் திறந்தேன். கணக்கு சரியா?"

"இன்னும் ஒரு லட்சம் தடவை பாக்கி இருக்குங்கய்யா" என்றார் டவாலி.

மகள் நேரே விஷயத்துக்கு வந்தாள். "ஐயா, தப்பா நினைக்காதீங்க. அந்தக் கோல் எங்கப்பா கையில இருந்துச்சா?"

தளபதியின் டம்ளர் பாதி வழியில் நின்றது. "புத்தகத்துல எழுதியிருக்கேனேம்மா. அதுதான் நடந்தது. வேற எதுவும் எனக்கு ஞாபகம் இல்ல. அப்படி நடந்திருக்கவும் வாய்ப்பில்ல."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே ஜன்னல், சுவர், மெஷின் எல்லாம் வந்துவிட்டன.

டவாலி தளபதியைப் பார்த்தார். அவர் டீயின் ஆடையையே வெறித்துக்கொண்டிருந்தார். அந்தப் பின்கழுத்தை வைத்தே அவர் மனசைப் படித்துப் பழகியவர் டவாலி. கோலை ஒப்புக்கொண்டால் படிக்கட்டையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வழியனுப்ப ஓர் ஆள் இல்லாமல் இறங்கியதை, பெற்ற பிள்ளை வயதுள்ள ஒருத்தியின் முன்னால் சொல்ல வேண்டும். போகட்டும், மெஷின் ரூம்தானே. ஒரு மனுஷன் உறங்க எவ்வளவு இடம் வேண்டும்?

"ஆமா கண்ணு" என்று ஆரம்பித்தார். ஆரம்பித்தால் அவருக்குச் சின்னதாக வராது. "நான்தான் குழப்பிட்டேன். எனக்கு இப்ப நல்லா ஞாபகம் வருது. கோலைக் கொடுத்துட்டு ஐயா இறங்கினாங்க பாரு, அடேயப்பா! படிக்கு ரெண்டு பேர், இந்தப் பக்கம் ஒருத்தர் அந்தப் பக்கம் ஒருத்தர். அத்தனை பேரும் சல்யூட். பதினோரு அதிகாரியும் குழந்தை மாதிரி தேம்பறாங்க. ஒருத்தர் அழுத அழுகையில கண்ணாடி கழண்டு மூணு மாடி கீழ போயி விழுது. பேண்ட் வாத்தியக்காரன் ஊதவே முடியாம..."

"நிறுத்து."

டவாலி நிறுத்தினார்.

"படியில யாரும் நிக்கல" என்றார் தளபதி.

கூடத்தில் அந்தப் பன்னிரண்டு நாற்காலிகளும் கேட்டுக்கொண்டிருந்தன.

"ஐயா, விடுங்க. அது எதுக்கு இப்போ..."

"அறுபத்தாறு படி. எண்ணிக்கிட்டே இறங்கினேன். ஒரு ஆள் நிக்கல. எல்லாரும் லிஃப்ட்டுக்குள்ள சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. கீழ வந்தா என் டிரைவரும் இல்ல. புதுத் தளபதியைப் பாக்கப் போயிருந்தான். கால் மணி நேரம் வாசல்ல தனியா நின்னேன்." டம்ளரைக் கீழே வைத்தார். "பொய்யிலயாவது எனக்கு நாலு பேரை நிறுத்தணும்னு இவனுக்குத் தோணியிருக்கு. எனக்கு வேண்டாம்."

மகள் மெதுவாகக் கேட்டாள். "அப்போ அந்தக் கோல்?"

"கார் மைதானத்து வழியாப் போச்சும்மா. ரெண்டாயிரம் பேரும் மரத்தடியில உட்கார்ந்து தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தாங்க. நான் போட்டுட்டு வந்த உத்தரவு நிக்கச் சொல்லி. புதுசா வந்தவர் லிஃப்ட்ல. வேற யாரு உட்காரச் சொல்லியிருக்க முடியும்?" டவாலியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "உங்கப்பா கையிலதான் இருந்துச்சு. நான்தான் குடுத்தேன். நடந்ததும்மா. நடந்தது."